தலைவி என்ற சொல்லும் இரண்டு கேப்டன்களும்

முதுகலை மாணவிகளுக்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்திருந்தேன். 'பிரிங் இட் ஆன்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு அதன் கதையைத் தமிழில் ஒரு பக்கத்துக்குள் சுருக்கி எழுத வேண்டும். ஒரு பள்ளியின் சியர்லீடிங் அணிக்குக் கேப்டனாகும் பெண்ணின் கதை அது. ஒரு மாணவி 'அணித் தலைவி' என்று எழுதியிருந்தாள். அவள் அதை வாசித்ததும் வகுப்பு சிரித்துவிட்டது. அன்று காலை முதல் பாடவேளையில்தான் குறுந்தொகை நடத்தியிருந்தேன். அவர்களுக்குத் தலைவி என்றால் பசலை படர்ந்து, வளை நெகிழ்ந்து, வாயில் பார்த்துக் காத்திருப்பவள். அவளைப் போய் ஓர் அணிக்கு முன்னால் நிறுத்தி எண்ணிக்கை சொல்ல வைத்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தச் சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அகத்திணையில் தலைவன், தலைவி இருவருமே காதலர்தான். பின்னாளில் தலைவன் என்ற சொல் வீட்டை விட்டு வெளியேறி, ஊர், கட்சி, நாடு என்று நடந்து 'தலைவர்' ஆயிற்று. தலைவி அங்கேயே நின்றுவிட்டாள். அவளை அரசியல் மேடைக்கு இழுத்துவந்தவர் என்று ஜெயலலிதாவைச் சொல்லலாம். அந்தப் பட்டமும் 'புரட்சித் தலைவர்' என்ற எம்.ஜி.ஆர். பட்டத்தின் பெண்பால் வடிவமாகத்தான் வந்தது. இன்றும் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு பெண் தேர்வானால் 'தலைவர்' என்றே எழுதுகிறோம். மரியாதை விகுதி என்பது ஒரு காரணம். தலைவி என்று எழுதினால் அதிகாரம் கொஞ்சம் குறைந்து ஒலிக்கிறது என்பது இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆங்கிலத்திலும் இதற்கு இணையாக ஒரு கதை நடந்திருக்கிறது. சியர்லீடர் என்ற சொல்லிலேயே லீடர் இருக்கிறார். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டியில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று முழக்கத்தை நடத்தியதிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அதன்பின் கால் நூற்றாண்டு காலம் இது பெரும்பாலும் ஆண்களின் வேலை. ஆயிரக்கணக்கானவர்களின் குரலை ஒருவன் தன் கையசைவுக்குள் கொண்டுவருவது தலைமைப் பண்புக்கான பயிற்சி என்று மதிக்கப்பட்டது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஐசனோவர், ரீகன் ஆகிய மூன்று அமெரிக்க அதிபர்களும் படிக்கும் காலத்தில் சியர்லீடராக இருந்தவர்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தன் பள்ளியில் தலைமைச் சியர்லீடர். மினசோட்டாவில் 1920களில் பெண்கள் உள்ளே வந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போனபோது பெண்களின் எண்ணிக்கை கூடியது. பிறகு ஆண்கள் திரும்பி வந்தும் இந்த இடத்துக்குப் பெரிதாகத் திரும்பவில்லை. பெயரில் லீடர் அப்படியே இருந்தார், மதிப்பு மட்டும் இறங்கிவிட்டது. ஆண் நின்றபோது தலைமையாக இருந்தது, பெண் நின்றதும் அலங்காரம் ஆயிற்று. 2008இல் ஐ.பி.எல். வழியாக நம் ஊருக்கு வந்து சேர்ந்தது அந்த அலங்காரம் மட்டும்தான். அதனால்தான் என் மாணவிகளில் பாதிப் பேர் படம் பார்ப்பதற்கு முன்பே முகத்தைச் சுளித்தார்கள்.

படம் 2000இல் வெளிவந்தது. பெய்டன் ரீட் இயக்கியது, ஜெசிகா பெண்டிங்கர் எழுதியது. கதை நடப்பது சான் டியேகோவில் உள்ள, வெள்ளையர் மிகுந்த, வசதியான ஒரு கற்பனைப் பள்ளியில். அதன் சியர்லீடிங் அணியின் பெயர் டோரோஸ். தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றுவரும் அணி. பழைய கேப்டன் பிக் ரெட் படிப்பை முடித்துப் போக, டாரன்ஸ் ஷிப்மன் (கிர்ஸ்டன் டன்ஸ்ட்) அணியினரின் வாக்கால் கேப்டன் ஆகிறாள். எண்ணெய் வழியும் முகத்தோடும் நிஜமான உற்சாகத்தோடும் அவள் அந்த இடத்தை விரும்புகிறாள். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு பதின்பருவப் பெண் ஒரு பொறுப்பை இவ்வளவு வெளிப்படையாக ஆசைப்பட்டு வாங்குவதைத் திரையில் பார்ப்பது அரிது. நம் படங்களில் பெண்ணுக்குத் தலைமை எப்போதும் யாரோ செத்ததால், ஓடிப்போனதால், வேறு வழியில்லாததால் வந்து சேரும்.

கேப்டனாகி அவள் செய்யும் முதல் காரியம் விபத்தில் முடிகிறது. கடினமான ஒரு பிரமிட்டை முயன்று பார்க்கலாம் என்கிறாள். மேலே நின்ற பெண் விழுந்து காலை உடைத்துக்கொள்கிறாள். அடுத்த சில நிமிடங்களில் அவளுடைய இடத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வு தொடங்கிவிடுகிறது. அந்தத் தேர்வைப் படம் பெரிய நகைச்சுவையாக எடுத்திருக்கிறது, சிரித்துக்கொண்டே பார்த்துவிடலாம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், காலுடைந்தவளைப் படம் கிட்டத்தட்ட மறந்துவிட்டதைக் கவனித்தேன். டாரன்ஸுக்கு மனம் சங்கடப்படுகிறது, ஆனால் முகாமில் ஒரு கோலைக் கீழே போட்டுவிட்டதால் தனக்குச் சாபம் பிடித்துவிட்டது என்ற வழியில் அந்தச் சங்கடம் போகிறது. தன் அவசரம் ஒருத்தியின் எலும்பை முறித்தது என்ற வழியில் போவதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அந்த உடல்வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டில் தலைமை என்பது உவமை இல்லை, எடை. தூக்கி நிறுத்தப்படுபவளை ஃப்ளையர் என்கிறார்கள். கீழிருந்து அவள் பாதங்களைத் தாங்கும் இருவர் பேஸ். அவர்களுக்குப் பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டிருப்பவள் பேக் ஸ்பாட். ஃப்ளையர் சரிந்தால் தலையும் கழுத்தும் தரையில் மோதாமல் தோளோடு அள்ளிப் பிடிக்க வேண்டியது அவள் வேலை. பெரும்பாலும் எண்ணிக்கை சொல்வதும் அவள்தான். பார்வையாளர் கண்ணுக்கு ஃப்ளையரின் சிரிப்பு தெரியும். பேக் ஸ்பாட்டின் முகமே தெரியாது. அமெரிக்கப் பள்ளி மாணவிகளின் விளையாட்டுகளில் தலை, கழுத்து, முதுகெலும்பு பாதிக்கும் மிகக் கடுமையான காயங்களில் பாதிக்கும் மேல் சியர்லீடிங்கில் ஏற்பட்டவை என்று பல ஆண்டுகளாகத் திரட்டிய கணக்குகள் காட்டின. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் இதை விளையாட்டாக அங்கீகரித்துப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் கனெக்டிகட்டில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, குவினிப்பியாக் பல்கலைக்கழக வழக்கில், பெண்களுக்கான விளையாட்டு வாய்ப்புகளின் கணக்கில் சியர்லீடிங்கைச் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்திருந்தார். பெண்கள் கைப்பந்து அணியைக் கலைத்துவிட்டு, இதைக் காட்டிக் கணக்கை நேர்செய்ய நிர்வாகம் முயன்றது. கைப்பந்து வீராங்கனைகள் வழக்குப் போட்டு வென்றார்கள். தீர்ப்பு நியாயமானது. ஆனாலும் கழுத்து முறியும் அளவுக்கு ஆபத்தான ஒன்று விளையாட்டா இல்லையா என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருந்தது.

படத்துக்கு வருகிறேன். புதிதாகச் சேர வந்திருக்கும் மிஸ்ஸி (எலைசா டுஷ்கு) ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவள், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்தவள். அணியில் முக்கியமான இருவருக்கு வேறொருத்தியை எடுக்க ஆசை. டாரன்ஸ், இங்கே மக்களாட்சி எல்லாம் இல்லை என்ற பொருளில் ஒரு சிலேடையைச் சொல்லி அவர்களைத் தள்ளிவிட்டு மிஸ்ஸியைச் சேர்க்கிறாள். சரியான முடிவுதான். பயிற்சியைப் பார்த்த மிஸ்ஸிக்கு அதிர்ச்சி. இந்த முழக்கங்கள், இந்த அசைவுகள் எல்லாம் கிழக்குக் காம்ப்டன் பள்ளியின் க்ளோவர்ஸ் அணியுடையவை என்று அவளுக்குத் தெரியும். டாரன்ஸை வண்டியில் ஏற்றி அங்கேயே கூட்டிப்போய்க் காட்டுகிறாள். க்ளோவர்ஸ் கறுப்பினப் பெண்களின் அணி. அதன் கேப்டன் ஐசிஸ் (கேப்ரியேல் யூனியன்). ஆண்டுக்கணக்காகச் சிவப்பு முடிக்காரி ஒருத்தி கேமராவோடு வந்து தங்கள் ஆட்டத்தைப் படம்பிடித்துப் போவது ஐசிஸுக்குத் தெரியும். பிக் ரெட் விட்டுச்சென்ற பட்டங்கள் அத்தனையும் திருட்டு.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. 'களவு வெளிப்பட்டுவிட்டது, மேம்' என்றாள் ஒருத்தி. அடுத்தவள் உடனே, 'அப்படியென்றால் மிஸ்ஸிதான் தோழி, அறத்தொடு நிற்கிறாள்' என்றாள். சொல்விளையாட்டுதான். அகத்தில் களவு காதல், இங்கே களவு திருட்டு. ஆனாலும் அந்த விளையாட்டு எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. நம் அகப்பாடல்களில் உண்மையில் காரியங்களை நடத்துபவள் தோழி. இரவில் வரும் வழியின் ஆபத்தைச் சொல்லித் தலைவனைத் திருமணத்துக்கு நெருக்குவது, மறைந்திருப்பதை எந்த நேரத்தில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று முடிவெடுப்பது, சொன்ன பிறகு வரும் கோபத்தை முதலில் தான் வாங்கிக்கொள்வது எல்லாம் அவள்தான். தலைவி என்ற பெயர் ஒருத்திக்கு, தலைமை வேலை இன்னொருத்திக்கு. டோரோஸ் அணியிலும் அப்படித்தான். பெயர் டாரன்ஸிடம் இருக்கிறது. உண்மையைச் சொல்லும் துணிவு, நேற்றுச் சேர்ந்தவளிடமிருந்து வருகிறது.

உண்மை தெரிந்த பிறகு டாரன்ஸ் என்ன செய்கிறாள் என்பதில்தான் எனக்குப் படத்தோடு சண்டை. அணியைக் கூட்டிச் சொல்கிறாள். அணிக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. இருக்கும் ஆட்டத்தையே ஆடலாம் என்று வாக்களிக்கிறது. அவள் தயங்கித் தயங்கி ஒத்துக்கொள்கிறாள். மிஸ்ஸியைச் சேர்க்கும்போது, அதாவது வெற்றிக்கு உதவும் ஒரு திறமையைச் சேர்க்கும்போது, பெரும்பான்மையின் விருப்பத்தைத் தூக்கி எறிய அவளால் முடிந்தது. இன்னொரு பள்ளிப் பெண்களின் உழைப்பைத் திருடியிருக்கிறோம் என்ற கேள்வி வந்ததும் வாக்கெடுப்புக்குப் போய்விடுகிறாள். அதிகாரத்தை எங்கே பயன்படுத்துகிறாள், எங்கே அது தன்னிடம் இல்லாததுபோல நடிக்கிறாள் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கசக்கிறது. இந்த இரண்டு காட்சிகளையும் எழுதியவர் தெரிந்தே எழுதினாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. படம் அந்த முரணைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. ஆனால் நாம் இதை அறிவோம். துறைக் கூட்டங்களில், சங்கக் கூட்டங்களில், குடும்பத்தில்கூட, வசதியான நேரத்தில் தனி முடிவும் வசதியில்லாத நேரத்தில் 'எல்லோரும் என்ன சொல்கிறீர்கள்' என்பதும் நமக்குப் பழக்கமானவை.

விளைவு உடனே வருகிறது. அடுத்த போட்டியன்று ஐசிஸும் அவள் தோழிகளும் டோரோஸின் சொந்த மைதானத்துக்கே வந்து, முழுப் பள்ளிக்கும் முன்னால் அதே ஆட்டத்தை ஆடிக் காட்டுகிறார்கள். படத்தில் இதற்கு இணையான காட்சி வேறில்லை. யாரையும் தொடவில்லை, ஏசவில்லை. தங்களுடையதைத் தங்கள் உடலால் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

அதன்பின் டாரன்ஸ் பணம் கொடுத்து ஒரு நடனப் பயிற்சியாளரை அமர்த்துகிறாள். அவன் அதே ஆட்டத்தைப் பல பள்ளிகளுக்கு விற்றவன் என்பது மண்டலப் போட்டியில், தங்களுக்கு முன்னால் ஆடும் அணி அதையே ஆடும்போது தெரிகிறது. திருடியதை விட்டுவிட்டு வாங்கப் போனாள். இரண்டிலும் தாங்களாக எதையும் செய்யவில்லை. இந்தச் சரிவில் அவளுடைய காதலன், உனக்குத் தலைமை ஒத்துவராது, விட்டுவிடு என்கிறான். மிஸ்ஸியின் சகோதரன் அவள்மேல் நம்பிக்கை வைத்து ஒரு பாட்டுக் கேசட் தருகிறான். அவள் எழுந்து நிற்பதற்கு ஓர் ஆணின் கேசட் தேவைப்பட்டதே என்று என் மாணவிகள் கொதித்தார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. பதினேழு வயதில் யார் கொடுத்த கேசட்டிலிருந்தும் தெம்பு வரலாம். என் குறை வேறு: மிஸ்ஸி கூடவே இருக்கிறாள், ஐசிஸ் ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கிறாள். தலைமை என்றால் என்ன என்று கேட்க, தன்னைப்போலவே ஓர் அணியை நடத்தும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்பது டாரன்ஸுக்குத் தோன்றவே இல்லை.

தோன்றும்போது காசோலையாகத் தோன்றுகிறது. க்ளோவர்ஸுக்கு ஃபுளோரிடாவில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகப் பணம் இல்லை. டாரன்ஸ் தன் அப்பாவின் நிறுவனத்திலிருந்து நன்கொடை வாங்கிக்கொண்டு ஐசிஸிடம் போகிறாள். ஐசிஸ் காசோலையைக் கிழித்துவிடுகிறாள். எங்கள்மேல் இரக்கப்பட்டு ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளாதே, முழுப் பலத்தோடு வா, அப்போதுதான் நாங்கள் வெல்வது எங்கள் திறமையால் என்று எங்களுக்குத் தெரியும் என்கிற பொருளில் பேசுகிறாள். பிறகு தங்கள் பகுதியில் வளர்ந்த ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளருக்கு எழுதி உதவி பெற்று அணியைப் போட்டிக்குக் கொண்டுபோகிறாள்.

காசோலையைக் கிழித்தது சரியா என்று வகுப்பில் பெரிய விவாதம். பாதிப் பேர் தன்மானம் என்றார்கள். எங்கள் கல்லூரிக் கபடி அணிக்குக் கேப்டனாக இருந்த மாணவி மட்டும் எழுந்து, 'எனக்கு அந்தக் காசோலையைப் பார்த்ததும் பஸ் செலவுதான் மேம் ஞாபகம் வந்தது' என்றாள். மண்டலப் போட்டிக்குப் போக ஒவ்வொருத்தி வீட்டிலும் பேசி, யாருக்குப் பணம் இல்லையோ அவளுக்கு மற்றவர்கள் போட்டு, திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் யார் யாரை வீட்டில் விடுவது என்று கணக்குப் போட்டு, இதெல்லாம் முடிந்த பிறகுதான் களத்தில் இறங்குவாளாம். 'டாரன்ஸ் எந்தக் காட்சியிலாவது காசு எண்ணுகிறாளா?' என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தோம். இல்லை. டாரன்ஸின் வீடு, அவள் அறை, அம்மா, தம்பி எல்லாம் நமக்குத் தெரியும். ஐசிஸின் வீடு எங்கே என்று தெரியாது. காசு எண்ணுகிறவளின் வாழ்க்கையைப் படம் நமக்குக் காட்டவில்லை.

காசோலையைப் பற்றி எனக்கு இன்னொன்றும் தோன்றியது. டாரன்ஸ் செய்யக்கூடியது, அவள் மட்டுமே செய்யக்கூடியது, வேறொன்று இருந்தது. தன் பள்ளியின் முன்னால் நின்று, அலமாரியில் இருக்கும் இந்தக் கோப்பைகள் எங்களுடையவை அல்ல என்று சொல்வது. அதற்கு அப்பாவின் நிறுவனம் தேவையில்லை. அதை அவள் கடைசிவரை செய்யவில்லை. நல்லவளாக இருக்கிறாள், புதிய ஆட்டம் உருவாக்குகிறாள், இரண்டாமிடத்தை மலர்ந்த முகத்தோடு ஏற்றுக்கொள்கிறாள். இறுதிப் போட்டியில் க்ளோவர்ஸ் வெல்வது நியாயமாக இருக்கிறது. ஆனால் பழைய ஆண்டுகளின் கணக்கு தீராமலே படம் முத்தத்தில் முடிகிறது.

ஐசிஸாக நடித்த கேப்ரியேல் யூனியன் 2021இல் எழுதிய புத்தகத்தில் ஐசிஸுக்கே ஒரு கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கத் தூண்டப்பட்டேன். ஐசிஸை நாகரிகமானவளாக, நிதானமானவளாக, யாரும் குற்றம் சொல்ல முடியாதவளாகக் காட்ட வேண்டும் என்று தானே அவளைக் கட்டிப்போட்டதாக அவர் வருந்துகிறார். அப்படிக் கட்டிப்போட்டும் பலர் ஐசிஸை வில்லியாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். பறிகொடுத்தவள் அவள். பறித்த கூட்டத்தின் கேப்டனுக்குத் தவறு செய்ய, அழ, குழம்ப, திரும்ப முயல முழுப் படமும் கிடைக்கிறது. ஐசிஸுக்கு ஒரு தவறுகூடச் செய்ய இடமில்லை. ஒருமுறை குரலை உயர்த்தியிருந்தால் போதும், அவள் நியாயம் காணாமல் போயிருக்கும். நல்ல தலைமை என்று நாம் மெச்சும் பொறுமை, கண்ணியம், பெருந்தன்மை ஆகியவை யாரிடம் விருப்பமாகவும் யாரிடம் கட்டாயமாகவும் இருக்கின்றன என்று கேட்டுப் பார்க்காமல் இந்தப் படத்தைப் பாராட்ட என்னால் முடியவில்லை. நம் கல்லூரிகளில் தலித் மாணவி ஒருத்தி மாணவர் பேரவைக்கு வந்தால் அவளிடம் முதலில் எதிர்பார்ப்பதும் 'அமைதியான பெண்' என்ற சான்றிதழைத்தான்.

ஒரு விஷயத்தில் படம் என்னை ஈர்த்தது. அதில் பயிற்சியாளர் என்று யாரும் கண்ணில் படுவதில்லை. முடிவுகள், தவறுகள் எல்லாம் பெண்களுடையவை. மேகன் அபட் 2012இல் எழுதிய 'டேர் மீ' நாவல் இதற்கு நேர் எதிர். அங்கே பெத் என்பவள் கேப்டன், கதையைச் சொல்லும் ஆடி அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள். புதிதாக வரும் பயிற்சியாளர் கொலெட் ஃபிரெஞ்ச் முதல் வேலையாகக் கேப்டன் பதவியே தேவையில்லை என்று எடுத்துவிடுகிறார். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், பெண்களுக்கு இடையே இருந்த அதிகாரம் முழுவதும் ஒரு பெரியவரின் கைக்குப் போகிறது. அவர் வீட்டுக்குக் கூப்பிட்டால் பெருமை, கூப்பிடாவிட்டால் துக்கம். சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள், இன்னும் உயரமாக ஏறுகிறார்கள், அவருடைய ரகசியங்களைச் சுமக்கிறார்கள். பெத் கொடுமைக்காரிதான், அவளை நல்லவள் என்று நாவல் சொல்லவில்லை. ஆனால் மாணவிகளின் பக்கத்திலிருந்து பயிற்சியாளரிடம் 'முடியாது' என்று சொல்லக்கூடிய ஓர் இடம் இருந்தது, அந்த இடத்தைத்தான் அவர் முதலில் அகற்றினார். டெக்சாஸில் நவாரோ கல்லூரி அணியைத் தொடர்ந்து படம்பிடித்த 'சியர்' என்ற ஆவணத் தொடர் 2020இல் வந்தபோது, வலியோடு திரும்பத் திரும்ப மேலே ஏறும் பெண்களைப் பார்த்து எனக்கு இந்த நாவல் நினைவுக்கு வந்தது. பயிற்சியாளர் மோனிகா அல்டாமாமேல் அவர்களுக்கு இருந்த அன்பு உண்மையானது. அந்த அன்புக்கு முன்னால், இன்றைக்கு என்னால் முடியாது என்று சொல்வது அவர்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதும் திரையில் தெரிகிறது.

சியர்லீடர் தேர்வு என்பது கேளிக்கைச் செய்தி என்று நினைப்பவர்களுக்கு டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியைச் சொல்ல வேண்டும். பசலைக்கீரை விளையும் சிறு ஊர். பள்ளியில் பெரும்பான்மை மாணவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். சியர்லீடர்களைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் குழு. மூன்று வெள்ளைப் பெண்கள், ஒரே ஒரு மெக்சிகோ அமெரிக்கப் பெண் என்பது அங்கே எழுதப்படாத வழக்கம். 1969இல் இடம் காலியானபோதும், மெக்சிகோ அமெரிக்கர்களுக்கான ஓர் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்று தகுதியுள்ள ஒரு பெண் ஒதுக்கப்பட்டாள். மாணவர்கள் கேள்வி கேட்டார்கள், மனு எழுதினார்கள். டிசம்பரில் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் செவெரிடா லாரா என்ற பள்ளி மாணவி. சியர்லீடரில் தொடங்கிய கோரிக்கைப் பட்டியல் இருமொழிக் கல்வி, தங்கள் வரலாற்றைப் பாடத்தில் சேர்ப்பது, மெக்சிகோ அமெரிக்க ஆசிரியர்களை நியமிப்பது என்று வளர்ந்தது. மூன்று மாணவர்கள் வாஷிங்டன் வரை போய் செனட்டர்களைச் சந்தித்தார்கள். ஜனவரியில் பள்ளி வாரியம் இறங்கி வந்தது. அதே மாதத்தில் ல ராசா உனிடா என்ற கட்சி பிறந்தது. ஏப்ரலில் பள்ளி வாரியத் தேர்தலில் வென்றது. லாரா பிற்காலத்தில் அதே ஊரின் மேயரானார்.

இந்தக் கதையைச் சொன்னதும் ஒரு மாணவி, 'அவங்க சியர்லீடர் ஆனாங்களா மேம்?' என்று கேட்டாள். லாரா கேட்டது தனக்காக இல்லை என்றேன். மெக்சிகோ அமெரிக்கப் பெண்கள் அந்த வரிசையில் நின்றார்கள், கூடுதலாகவே நின்றார்கள்.

கபடி மாணவி அந்த வாரம் தன் சுருக்கத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். படத்தின் கதையை அவள் டாரன்ஸிலிருந்து தொடங்கவில்லை. ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில் சிவப்பு முடியோடு ஒருத்தி கேமராவைத் தூக்கிப் பிடித்திருப்பதை ஐசிஸ் முதன்முதலாகக் கவனிக்கும் நாளிலிருந்து தொடங்கியிருந்தாள். படத்தில் இல்லாத காட்சி. மதிப்பெண் எப்படிப் போடுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அவள் ஐசிஸை எங்கேயும் தலைவி என்று எழுதவில்லை. 'கேப்டன்' என்றே எழுதியிருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.